நெகட்டிவ்வில் கலர் எங்கே இருக்கிறது? ஸ்கேன் செய்த ஃபிலிமும் நிறக் கணக்கும்

பழைய படம் ஒன்று ‘4கே’ முத்திரையோடு மறுபடி திரைக்கு வரும்போதெல்லாம் ஒரே சண்டை. ஒரு தரப்பு “கலர் அள்ளுது” என்கிறது. இன்னொரு தரப்பு “இது அந்தப் படமே இல்லை, முகமெல்லாம் ஆரஞ்சு, நிழலெல்லாம் நீலப்பச்சை” என்கிறது. டிவிடியிலிருந்து எடுத்த ஒரு ஸ்டில், புது டிரைலரிலிருந்து ஒரு ஸ்டில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி எது ‘ஒரிஜினல்’ என்று பஞ்சாயத்து நடக்கும். 2012-ல் ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வெளியானதிலிருந்து 2024-ல் ‘கில்லி’ வரை மறுவெளியீடுகள் பெருகப் பெருக, இந்தப் பஞ்சாயத்தும் பெருகிவிட்டது. (இந்தக் கட்டுரை எந்தத் தனிப் படத்தின் கலரையும் விமர்சிக்கவில்லை.)

இரண்டு தரப்புமே ஒன்றை நம்பிக்கொண்டு பேசுகின்றன: உண்மையான கலர் நெகட்டிவ்வுக்குள் பத்திரமாக இருக்கிறது, நல்ல ஸ்கேனர் அதை அப்படியே வெளியே எடுத்துவிடும், பிறகு யாரோ கெடுத்துவிடுகிறார்கள். குழப்பத்தின் வேர் இந்த நம்பிக்கைதான். 4கே என்பது படத்தின் குறுக்கே எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. நிறத்தைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நெகட்டிவ்வோ, நிறம் உருவாவதற்கான பாதிக் கணக்கை மட்டும் வைத்திருக்கும் பொருள். மீதிப் பாதி பிரிண்டில், அதாவது தியேட்டரில் ஓட்டிய நகலில், இருந்தது. அந்த மீதிப் பாதியை டிஜிட்டலில் யார், எப்படி நிரப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

## நெகட்டிவ் பதிவு செய்வது என்ன

கலர் நெகட்டிவ்வில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வகைப் படலங்கள் உண்டு. ஒன்று நீல ஒளிக்கும், ஒன்று பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும் வினைபுரியும். லேப்பில் கழுவிய பிறகு நீலம் பட்ட இடத்தில் மஞ்சள் சாயமும், பச்சை பட்ட இடத்தில் மெஜந்தா (ஊதாச்சிவப்பு) சாயமும், சிவப்பு பட்ட இடத்தில் சயான் (நீலப்பச்சை) சாயமும் உருவாகும். ஒளி எவ்வளவு அதிகமோ சாயம் அவ்வளவு அதிகம். ஆகவே நெகட்டிவ் என்பது மூன்று சாயங்களின் தடிமன் வரைபடம்.

அந்தத் தடிமனை அளக்கும் அலகு அடர்த்தி. ஒரு புள்ளியில் ஒளியைச் செலுத்தினால் எவ்வளவு ஊடுருவுகிறது என்பதை மடக்கையில் சொல்வது இது. பத்தில் ஒரு பங்கு ஊடுருவினால் அடர்த்தி 1, நூறில் ஒரு பங்கு என்றால் 2, ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3. பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் விடும் கூலிங் கிளாஸ் ஒன்றைப் போட்டு, அதன்மேல் இன்னொன்றையும் போட்டால் நூறில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வரும். வெளிச்சம் பெருக்கலில் குறைந்தது, அடர்த்தி 1 + 1 = 2 என்று கூட்டலில் ஏறியது. சாயங்களின் கணக்கைக் கூட்டல் கழித்தலில் போடலாம் என்பது இதனால்தான். பின்னால் வரும் பல விஷயங்களுக்கு இந்த ஒரு குணமே அடிப்படை.

## ஆரஞ்சு முகமூடி

நெகட்டிவ்வைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படமே பதியாத ஓரம்கூட ஆரஞ்சாக இருக்கும். அது கறையோ அழுக்கோ அல்ல, வேண்டுமென்றே வைத்தது.

மெஜந்தா சாயம் பச்சையை மட்டும் தடுத்தால் போதும். ஆனால் நடைமுறைச் சாயம் கொஞ்சம் நீலத்தையும் தின்றுவிடும். சயான் சாயமும் இப்படித்தான், சிவப்போடு சேர்த்துக் கொஞ்சம் பச்சையைத் தின்னும். இந்தத் திருட்டை அப்படியே விட்டால் பிரிண்டில் நிறங்கள் அழுக்கேறும். வேதியியலாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சாயமாக மாறப்போகும் மூலப்பொருளுக்கே நிறம் கொடுத்தார்கள். சாயம் உருவாகும் இடத்தில் அந்த மூலப்பொருள் செலவாகிவிடும், உருவாகாத இடத்தில் அப்படியே தங்கும். எங்கே பார்த்தாலும் தேவையற்ற தடுப்பு ஒரே அளவில் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் பிரிண்ட் போடும்போது விளக்கைக் கூட்டி ஈடுகட்டிவிடலாம். மிச்சமிருக்கும் அந்த மூலப்பொருள்களின் நிறம்தான் நாம் காணும் ஆரஞ்சு.

இன்றைய கலர் நெகட்டிவ்வில் படமில்லாத அடிப்பகுதியின் அடர்த்தி, ஏறத்தாழ, சிவப்பில் 0.2, பச்சையில் 0.6, நீலத்தில் 0.9. அதாவது ஃபிலிமில் எதுவுமே பதியாத இடத்திலும் நீல ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. ஸ்கேன்களில் நீலச் சானல் மட்டும் புள்ளிபுள்ளியாக இரைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நல்ல ஸ்கேனரில் மூன்று நிற விளக்கையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம், நீலத்துக்குக் கூடுதல் ஒளி கொடுத்து முகமூடியை ஒளியிலேயே ஈடுகட்டுவார்கள். வெள்ளை விளக்கைப் போட்டுப் படமெடுத்துவிட்டு மென்பொருளில் நீலத்தை ஏற்றினால் ஏறுவது இரைச்சலும் சேர்ந்துதான்.

எல்லா நெகட்டிவ்வுக்கும் இந்த முகமூடி உண்டு என்று நினைக்கக் கூடாது. ஆக்ஃபா வழியில் வந்த ஆரம்பகால நெகட்டிவ்களில் இது கிடையாது. தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) கேவாகலர் ஃபிலிமில் வந்தது. பிறகு ஈஸ்ட்மென்கலர், எழுபதுகளில் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ என்று போஸ்டர்களில் ஃபிலிமின் பெயரே விளம்பரமாக நின்றது. ஒவ்வொன்றின் சாயமும் வேறு, அடிப்படை அடர்த்தியும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே செட்டிங் போட்டு ஸ்கேன் செய்வது எல்லா நோயாளிக்கும் ஒரே கண்ணாடி மாட்டுவதைப் போன்றது.

## ஸ்கேனரின் கண்ணும் பிரிண்டின் கண்ணும்

இந்தத் துறையில் இருப்பவர்களே சறுக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

நெகட்டிவ் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டதல்ல. அதைப் பார்க்க வேண்டியது பிரிண்ட் ஃபிலிம். பிரிண்ட் ஃபிலிமின் சிவப்புப் படலம் 690 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில், கண்ணுக்குச் சிவப்பு மங்கும் ஓரத்தில், அதிகமாக வினைபுரியும். பச்சை 550-ஐ ஒட்டி, நீலம் 470-ஐ ஒட்டி. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, 590 பக்கத்தில், பிரிண்ட் ஃபிலிம் கிட்டத்தட்டக் குருடு. லேப்களின் இருட்டறையில் மஞ்சள் சோடியம் விளக்கை எரியவிட்டே வேலை பார்த்தார்கள் என்றால் காரணம் அதுதான், சோடியத்தின் ஒளி 589-ல் விழுகிறது.

ஸ்கேனரின் சிவப்பு எல்இடி 630-ல் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சயான் சாயம் அதிகமாகத் தடுப்பது 690 பக்கத்தில், 630-ல் அதன் தடுப்பு குறைவு. உதாரணத்துக்கு, பிரிண்ட் ஃபிலிம் 1.0 என்று உணரும் சயானை இந்த ஸ்கேனர் 0.75 என்று அளக்கலாம். அதோடு 630-ல் மெஜந்தா சாயத்தின் வாலும் கொஞ்சம் நீண்டிருக்கும், ஸ்கேனர் அதையும் சிவப்புக் கணக்கில் சேர்த்துவிடும். இயந்திரம் பொய் சொல்லவில்லை. பிரிண்ட் கேட்காத கேள்விக்கு அது விடை சொல்லியிருக்கிறது.

இந்தக் காரணத்தால் அடர்த்திக்குள்ளேயே பல அளவுகோல்கள் உண்டு.

1. ஸ்டேட்டஸ் எம்: நெகட்டிவ்களை அளக்கும் தர அளவுகோல். லேப்பில் அடர்த்தி அளக்கும் கருவியான டென்சிட்டோமீட்டர் காட்டுவது பெரும்பாலும் இது.

2. ஸ்டேட்டஸ் ஏ: பிரிண்டையும் மற்ற பாசிட்டிவ்களையும் அளப்பதற்கு.

3. பிரிண்டிங் அடர்த்தி: பிரிண்ட் ஃபிலிம் உண்மையில் உணரும் அடர்த்தி. நிறத்துக்கு இதுதான் முக்கியம். ஆஸ்கர் விருது தரும் அகாடமி, படங்களின் நிறத்தைக் கையாளும் பொது முறையான ஏசெஸ் திட்டத்தின் பகுதியாக இதற்கு ஒரு பொது வரையறை கொடுத்தது; திரைத் தொழில்நுட்பப் பொறியாளர்கள் சங்கமான எஸ்எம்பிடிஇ-யின் தரமாகவும் அது ஆனது. சுருக்கப் பெயர் ஏபிடி.

4. ஸ்கேனர் அடர்த்தி: அந்தக் குறிப்பிட்ட இயந்திரத்தின் விளக்கும் சென்சாரும் சேர்ந்து காண்பது. ஒவ்வொரு மாடலுக்கும் வேறு.

நான்காவதை மூன்றாவதாக மாற்றும் வேலைதான் ஸ்கேனர் நிற அளவீட்டின் இதயம். அடர்த்திகள் கூட்டலில் இயங்குவதால் இதை ஒன்பது எண்கள் கொண்ட ஒரு அணியால் பெரும்பாலும் சரிக்கட்டலாம்: சிவப்பில் இவ்வளவு எடு, அதிலிருந்து பச்சையில் இவ்வளவைக் கழி, நீலத்தில் இவ்வளவைக் கழி. அடர்த்தி தெரிந்த சோதனைச் சுருள் ஒன்றை ஓட்டி அந்த ஒன்பது எண்களைக் கண்டுபிடிப்பார்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு வரும் ஸ்கேனில் சாம்பல் நிறம் சாம்பலாகவே இருக்கும், ஆனால் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகவும், வயல் பச்சை காய்ந்த பச்சையாகவும் ஒதுங்கும். டிஜிட்டலில் நிறம் திருத்தும் கலரிஸ்ட் பிறகு புடவையைத் திருத்தினால் முகம் கெடும், முகத்தைத் திருத்தினால் வயல் கெடும். மணிக்கணக்கில் நடக்கும் இந்தக் கயிறிழுப்பு, முதல் நாளில் ஒன்பது எண்களால் தீர்ந்திருக்க வேண்டியது.

(இங்கே ஒரு உபதகவல்: பல நாட்டுக் காப்பகங்களில் ஓடும் ஸ்கானிட்டி ஸ்கேனரைச் செய்யும் டிஎஃப்டி நிறுவனம் சென்னையின் பிரசாத் குழுமத்துக்குச் சொந்தம்.)

## 95, 445, 685: மூன்று எண்களின் கதை

1990-களின் தொடக்கத்தில் கோடாக் சினியான் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஸ்கேன் செய்த நெகட்டிவ்வை எப்படி எண்களாக எழுதுவது என்பதற்கு அது போட்ட விதி இன்றும் வாழ்கிறது. 1994-ல் எஸ்எம்பிடிஇ தரமான டிபிஎக்ஸ் கோப்பு அதன் வாரிசு.

விதி எளிமையானது. 10 பிட், அதாவது 0 முதல் 1023 வரை. ஒரு எண்ணுக்கு 0.002 அடர்த்தி. ஆக மொத்தம் 2.046 அடர்த்தி வரை எழுதலாம். படமில்லாத அடிப்பகுதிக்கு 95. லேப்கள் குறியாக வைத்துக்கொள்ளும் நடுச்சாம்பல் அடர்த்திக்கு 445. படப்பிடிப்பில் 90 சதவீதம் ஒளியைத் திருப்பும் வெள்ளைப் பொருளுக்கு, வெளுத்த வேட்டி என்று வைத்துக்கொள்ளலாம், 685.

இதிலிருந்து ஒரு கணக்கு போடலாம். கலர் நெகட்டிவ்வின் சாய்வு, அதாவது மடக்கையில் ஒளி ஏறும் அளவுக்கு அடர்த்தி எவ்வளவு ஏறுகிறது என்ற விகிதம், சுமார் 0.6. லென்ஸை ஒரு ஸ்டாப் திறந்தால் ஒளி இரட்டிப்பாகும், மடக்கையில் 0.3. அதை 0.6-ஆல் பெருக்கினால் 0.18 அடர்த்தி. 0.002-ஆல் வகுத்தால் 90 எண்கள். ஆகவே நேர்கோட்டுப் பகுதியில் ஒரு ஸ்டாப்புக்கு 90 எண்கள், இருட்டுப் பகுதியானாலும் வெளிச்சமானாலும். ஒளியை நேரடியாக எழுதினால் உச்ச வெளிச்சத்தின் ஒரு ஸ்டாப்பே பாதி எண்களை விழுங்கிவிடும், நிழல்களுக்குச் சில்லறைதான் மிஞ்சும். மடக்கையில் எழுதுவதால் 10 பிட்டே தாக்குப்பிடிக்கிறது.

685-க்கு மேலே 1023 வரை இன்னும் 338 எண்கள் இருக்கின்றன. ஏறத்தாழ மூன்றே முக்கால் ஸ்டாப் இடம். வேட்டியைவிடப் பிரகாசமானவை அங்கே வாழ்கின்றன: வெயில் பட்ட குத்துவிளக்கின் மினுக்கம், மேக ஓரம், ஜன்னலுக்கு வெளியே உள்ள வானம். அவசரக்காரர்கள் 685-ஐ டிவியின் வெள்ளையாக வைத்து அதற்கு மேல் வெட்டிவிடுகிறார்கள். வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகிவிடும். ஃபிலிம் பிரிண்ட்டில் அப்படி நடக்காது, அந்த உச்சங்களைப் பிரிண்ட் தன் வளைவில் மெல்ல மெல்ல மடக்கிக்கொள்ளும். ‘ஃபிலிம் லுக்’ என்று ஏங்கிப் பேசப்படுவதில் பெரும்பங்கு இந்த மடக்கலே தவிர, மேலே தூவும் கிரெயின் (ஃபிலிம் மணித்துகள்) அல்ல.

ஏசெஸ் வரையறுத்த ஏடிஎக்ஸ் குறியீடும் இதே வழிதான். அடிப்பகுதிக்கு மேலுள்ள அடர்த்தியை ஏறத்தாழ 500-ஆல் பெருக்கி 95 கூட்டினால் அதன் 10 பிட் எண். 16 பிட் வடிவமும் உண்டு. வித்தியாசம், அந்த அடர்த்தி ‘ஏதோ ஒரு ஸ்கேனரின் அடர்த்தி’யாக இல்லாமல் ஏபிடி-யாக இருக்க வேண்டும் என்று அது அடித்துச் சொல்கிறது. சினியான் காலத்தில் வாய்மொழியாக இருந்ததை எழுத்தில் போட்டார்கள்.

## மீதிப் பாதி: பிரிண்ட்

ஸ்கேன் செய்த மடக்கைக் கோப்பை நேராகத் திரையில் போட்டால் சாம்பல் பூத்துப்போய், பழைய துணியைப் போல் இருக்கும். பார்த்தவுடன் “ஸ்கேன் சரியில்லை” என்று தோன்றும். சரியான ஸ்கேன் அப்படித்தான் இருக்கும். 0.6 சாய்வுள்ள பொருளை வேறு எதுவும் சேர்க்காமல் பார்த்தால் வேறு எப்படித் தெரியும்?

பிரிண்ட் ஃபிலிமின் சாய்வு நெகட்டிவ்வைப் போல் நாலைந்து மடங்கு. இரண்டையும் பெருக்கினால் மொத்தம் 1.5-க்குக் கொஞ்சம் மேலே வரும். காட்சியில் இருந்ததைவிட மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) கூடுதல். இருட்டறையில் உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்கு மாறுபாடு குறைவாகவே தெரியும் என்பதால் அந்த ஈடு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதோடு பிரிண்ட்டின் சாயங்களுக்கென்று தனிக் குணங்கள்: அடர் சிவப்பு எந்த அளவுக்குக் கறுக்கும், நிழலில் எந்தச் சாயல் ஏறும், மஞ்சள் எங்கே நின்றுவிடும் என்பதெல்லாம். ஒளிப்பதிவாளர் நெகட்டிவ்வை எக்ஸ்போஸ் செய்தது இந்தப் பிரிண்ட்டை மனதில் வைத்துத்தான். பிரிண்ட்டில் ஷாட்டுக்கு ஷாட் நிறத்தைச் சமன்செய்யும் லேப்பின் கிரேடர் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை 1 முதல் 50 வரையான புள்ளிகளில் கூட்டிக் குறைத்தார். ஒரு புள்ளிக்கு மடக்கையில் 0.025, பன்னிரண்டு புள்ளிக்கு ஒரு ஸ்டாப். அவ்வளவுதான் அவர் கையில் இருந்த கருவி. சாச்சுரேஷன் (நிறச் செறிவு) கைப்பிடியோ, முகத்தை மட்டும் திருத்தும் வசதியோ கிடையாது.

டிஜிட்டலில் இந்தப் பிரிண்ட்டுக்குப் பதிலாக நிற்பது ஒரு மாற்று அட்டவணை, டிஜிட்டலில் நிறம் திருத்தும் டிஐ அறைகளில் ‘லட்’ என்பார்கள். கோடாக் 2383 போன்ற ஒரு பிரிண்ட் ஃபிலிம் எந்த எண்ணுக்குத் திரையில் எந்த நிறம் தரும் என்று அளந்து முப்பரிமாண அட்டவணையாக எழுதியது. இதைக் கண்ணாடி போல மேலே மாட்டிப் பார்க்க வேண்டும், கோப்புக்குள் அரைத்துக் கலந்துவிடக் கூடாது.

இங்கே இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு. ஒன்று, நெகட்டிவ்வைக் கணக்கில் ‘கழற்றி’ அதற்கு முன்னால் நின்ற காட்சியின் ஒளிக்கே போய்விடலாம் என்பது. ஏசெஸ் ஏடிஎக்ஸ் கோப்பை எடுத்துச் செய்வது கிட்டத்தட்ட இதுதான், அங்கிருந்து ஏசெஸின் பொதுவான வெளியீட்டு மாற்றம் வழியாகத் திரைக்குப் போகும். மற்றது, பிரிண்ட் காட்டிய படத்துக்குப் போகலாம் என்பது. ஃபிலிமில் எடுத்த காட்சியோடு கணினி உருவங்களைச் சேர்க்க வேண்டுமென்றால் முதல் வழியே பொருத்தம். பழைய படத்தை மீட்பதற்கு அதை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு என்பது என் கருத்து. 1978-ல் வந்த படம் என்றால், அன்று ஒரு தியேட்டரிலும் ஓடாத தோற்றம் ஒன்றை அது உருவாக்கும். அழகாகவே இருக்கலாம். ‘மீட்டெடுத்தது’ என்ற சொல் அதற்குப் பொருந்தாது.

## எந்தச் சுருள் கையில் இருக்கிறது

‘நெகட்டிவ்விலிருந்து ஸ்கேன்’ என்று விளம்பரம் சொன்னாலும், தமிழ்ப் படங்களுக்குப் பல நேரம் நெகட்டிவ்வே கிடைப்பதில்லை. கிடைத்த பொருளைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

1. அசல் நெகட்டிவ்: தகவல் அதிகம், அடர்த்தி வீச்சு குறைவு. 2.046-க்குள் பெரும்பாலும் அடங்கும். ஆனால் கிரேடிங் ஏதும் இதில் இல்லை. ஒரே காட்சியின் இரண்டு ஷாட் வேறு வேறு வெளிச்சத்தில் இருக்கும், லேப் கிரேடர் சமன்செய்தது பிரிண்டில்தான்.

2. இன்டர்பாசிட்டிவ்: நெகட்டிவ்விலிருந்து எடுத்த நகல். சாய்வு 1, அதனால் வீச்சு அப்படியே வரும். பெரும்பாலும் கிரேடிங் ஏறியிருக்கும். பார்வைக்குப் பாசிட்டிவ் என்றாலும் ஆரஞ்சு முகமூடி உண்டு. இதைப் பிரிண்ட் என்று நினைத்து ஸ்கேன் செய்துவிடுவது அறியாதவர் செய்யும் பிழை.

3. தியேட்டர் பிரிண்ட்: கருமை 4 அடர்த்திவரை போகலாம், பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளி. சினியான் விதியின் 2.046-க்குள் இதை அடைக்க முடியாது, நிழல் முழுக்க வெட்டுப்படும். நல்ல ஸ்கேனர்கள் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு மூன்று வெவ்வேறு ஒளி அளவில் எடுத்துச் சேர்க்கும். கோப்பும் 16 பிட்டாக இருக்க வேண்டும். முக்கியமாக, பிரிண்ட்டில் பிரிண்ட் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் மறுபடி பிரிண்ட் லட் மாட்டினால் கரி பூசிய படம் கிடைக்கும்.

செலவைப் பற்றியும் ஒரு வரி. 35 மிமீ முழுச் சட்டத்தை 4096 × 3112 புள்ளிகளில் 10 பிட் டிபிஎக்ஸாக எழுதினால் ஒரு பிரேம் சுமார் 51 மெகாபைட். நொடிக்கு 24. இரண்டரை மணி நேரப் படம் 11 டெராபைட்டைத் தொடும். 16 பிட் என்றால் அதில் ஒன்றரை மடங்கு. சுருக்கிய வீடியோ கோப்பாகவே ஸ்கேனரிலிருந்து எடுத்துத் தள்ளும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது இந்த எண்ணில் தெரியும்.

## சாயம் போன பிரிண்ட்

எண்பதுகளுக்கு முந்தைய ஈஸ்ட்மென்கலர் பிரிண்ட் பலவும் இன்று செக்கச்செவேலென்று இருக்கின்றன. டூரிங் கொட்டகைகளில் கடைசிக் காலத்தில் ஓடிய பிரிண்ட்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு நினைவிருக்கும். காரணம், இருட்டில் டப்பாவுக்குள் கிடந்தாலும் சயான் சாயம் மற்ற இரண்டையும் முந்திச் சிதைகிறது. வெப்பமும் ஈரமும் அதை விரட்டும், சென்னைக் கோடையில் குளிர்பதனம் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1980-ல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இதை எதிர்த்துப் பிரசாரமே நடத்தினார். அதன் பிறகு எளிதில் மங்காத பிரிண்ட் ஃபிலிம்கள் வந்தன.

இதைத் திருத்தும்போது பலரும் செய்வது, திரை முழுக்கச் சயானைச் சமமாகக் கூட்டுவது. அது ஏன் வேலைக்காகாது என்பது கணக்கில் தெரியும். சயானில் 40 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 2.0 இருந்த நிழலில் இப்போது 1.2, இழப்பு 0.8. அடர்த்தி 0.5 இருந்த முகத்தில் இப்போது 0.3, இழப்பு 0.2. எல்லா இடத்திலும் 0.8 கூட்டினால் முகம் சயானாகும், 0.2 கூட்டினால் நிழல் சிவப்பாகவே நிற்கும். கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும், அதுவும் அடர்த்தியில். அடியில் ஏறிய மஞ்சள் கறையை முதலில் கழித்துவிட்டு, பக்கத்துச் சாயங்களின் ஊடுருவலை அணியால் பிரித்துவிட்டு, பிறகு பெருக்க வேண்டும். வீடியோ எண்களில் செய்யும் எந்தத் திருத்தமும் இதைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர அடைவதில்லை. பெருக்கும்போது சயான் சானலின் இரைச்சலும் சேர்ந்து பெருகும், அதற்கு முழுத் தீர்வு கிடையாது. போன சாயம் போனதுதான்.

## வேலை கெடும் வழக்கமான இடங்கள்

1. படத்தை ‘இன்வர்ட்’ செய்து முகமூடியை ஒயிட் பேலன்ஸால் நீக்குவது. நெகட்டிவ்வைப் பாசிட்டிவ் ஆக்குவது அடர்த்தியில் நடக்க வேண்டிய வேலை: மடக்கை எடு, அடிப்பகுதியைக் கழி, பிறகு சாய்வைத் திருத்து. ஒளி எண்ணை 255-லிருந்து கழித்தால் நிழலில் ஒரு சாயலும் வெளிச்சத்தில் எதிர்ச் சாயலும் ஏறும்.

2. தானியங்கிச் சமன். ஷாட்டுக்கு ஷாட் ஸ்கேனர் தன்னைத்தானே சரிசெய்துகொண்டால் மாலை வெயிலின் பொன்னிறத்தையும் அது ‘பிழை’ என்று நினைத்து அழித்துவிடும். ஒரு ரீலுக்கு ஒரு அளவீடு, அந்த ஃபிலிமின் அடிப்பகுதியை வைத்து. அதற்குப் பிறகு கை வைக்கக் கூடாது.

3. வீச்சுக் குழப்பம். டிபிஎக்ஸ் எண்கள் 0 முதல் 1023 வரை முழுவதும் பொருளுள்ளவை. வீடியோ வழக்கப்படி 64 முதல் 940 வரைதான் என்று மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டால் மாறுபாடு திடீரென்று ஏறும். டிபிஎக்ஸ் தலைப்பில் இதைக் குறிக்க இடம் உண்டு, நிரப்புபவர்தான் அரிது.

4. எல்லா மடக்கையும் ஒன்று என்ற நினைப்பு. டிஜிட்டல் கேமராக்களின் லாக் (மடக்கைக் குறியீடு) வேறு, சினியான் வேறு. முன்னதன் லட்டைப் பின்னதன்மேல் மாட்டினால் ஏதோ ஒரு படம் வரும், அது சரியான படமாக இருக்காது.

5. திருத்திய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூல ஸ்கேனை அழிப்பது. மற்ற நான்கையும் பின்னால் சரிசெய்யலாம். இதை முடியாது.

## தியேட்டர் ஒன்று, டிவி ஒன்று

ஒரே படத்துக்கு இரண்டு வெளியீடு தேவை. டிஜிட்டல் தியேட்டருக்கு வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா, காமா (எண்ணை வெளிச்சமாக்கும் வளைவு) 2.6, நிற எல்லை பி3, சுற்றிலும் இருட்டு. வழக்கமான டிவிக்கு 100 கேண்டெலா, காமா 2.4, எல்லை குறுகிய ரெக் 709, வெள்ளை டி65 (6,500 கெல்வினை ஒட்டிய பகல் வெள்ளை). முதலாவதற்குச் செய்ததை அப்படியே இரண்டாவதில் ஓட்டினால் நிறம் விலகும். பி3-ல் நின்ற அரக்குச் சிவப்புக்கு ரெக் 709-ல் இடமே இல்லை, யாராவது அதை எல்லைக்குள் மடக்க வேண்டும்.

வெள்ளையே ஒரு சிக்கல். ஃபிலிம் ஓடிய செனான் விளக்குத் திரையின் வெள்ளை 5,400 கெல்வினை ஒட்டியது, டி65-ஐவிடச் சூடானது, அதாவது மஞ்சள் சாயல் கூடியது. அதற்கும் முன்னால் கார்பன் வில் விளக்கு எரிந்த தியேட்டர்களில் வெள்ளை இன்னொன்று. ‘அன்று திரையில் தெரிந்த வெள்ளை’ என்பதற்கு ஒற்றை எண் தேடுவது வீண்.

நல்ல மீட்பு வேலையில் ஒரு குறிப்புப் பிரிண்ட்டைத் தேடிப் பிடித்து, நிஜப் புரொஜெக்டரில் ஓட்டி, பக்கத்தில் டிஜிட்டல் படத்தை வைத்து ஒப்பிடுவார்கள். அந்தப் பிரிண்ட்டே மங்கியிருந்தால் ஒளிப்பதிவாளரை அழைத்து உட்கார வைப்பார்கள், அவர் இருந்தால்.

இணையப் பஞ்சாயத்தில் சாட்சியாகக் கொண்டுவரப்படும் டிவிடி ஸ்டில் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? அது பெரும்பாலும் ஒரு பிரிண்ட்டை, ஃபிலிமை வீடியோவாக்கும் இயந்திரமான டெலிசினியில் ஓட்டி, குறுகிய டிவி எல்லைக்குள் அடக்க ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்தி, டேப்பில் இறக்கியது. டிவிக்கென்றே மாறுபாடு குறைத்த தனிப் பிரிண்ட்கள்கூடப் போடப்பட்டன. பண்டிகை நாளில் டிவியில் இருபது முறை பார்த்து நெஞ்சில் பதிந்த அந்த நிறம், வெளியான வாரத்தில் தியேட்டரில் படம் பார்த்தவர்கள் கண்ட நிறமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அது டெலிசினி அறையில் அன்று உட்கார்ந்திருந்தவரின் தேர்வு.